சுவரில் ஒட்டிய செய்தித்தாள்

நீலகிரி மலையில் உள்ள மஞ்சூர் கடைவீதியிலிருந்து பத்து நிமிட நடை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய ஓட்டு வீடு. வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐப்பசி அடைமழை மூன்றாவது நாளாக ஓயவில்லை. சன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி எதிர்வீட்டை மறைத்துவிட்டது. கோவையில் வேலை பார்க்கும் மகள் சனி, ஞாயிறுக்கு வந்திருக்கிறாள். கூடத்தில் 32 இன்ச் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது.

“55 இன்ச் ஒண்ணு வாங்கிடலாம்ப்பா. வரி வேற குறைச்சிருக்காங்க.”

“55ன்னா எவ்வளவு பெருசு வரும்னு முதல்ல காட்டு கண்ணு.”

மகள் பழைய செய்தித்தாள்களை எடுத்து ஒட்டினாள். 122 சென்டிமீட்டர் அகலம், 68 சென்டிமீட்டர் உயரம் என்று அளந்து வெட்டி, சுவரில் பசை நாடாவால் பொருத்தினாள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “இதென்னடி, சன்னல் கணக்கா இருக்கு! முருகர் காலண்டரை எங்க மாட்டறது?” என்றார்.

டிவி வாங்கும் முன் ஒரு வீடு செய்யக்கூடிய நல்ல காரியம் இதுதான். கடையில் நூறு டிவிகளுக்கு நடுவே 55 இன்ச் சிறிதாகத் தெரியும். உயரமான கூரையும் அகலமான கூடமும் கண்ணை ஏமாற்றிவிடும். வீட்டுச் சுவரில் ஒட்டிய காகிதம் அப்படி ஏமாற்றாது. இன்ச் கணக்கு என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளப்பது என்பதால், எண்ணைக் கேட்டு உருவத்தை ஊகிப்பது கடினம். 32 இன்ச்சிலிருந்து 55 இன்ச்சுக்குப் போனால் எண் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. பரப்போ ஏறக்குறைய மூன்று மடங்கு.

மகள் சொன்ன வரிக்குறைப்பு உண்மைதான். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வரியோடு 32,000 ரூபாய்க்கு விற்ற பெட்டி, கடைக்காரர் குறைப்பை முழுதாகக் கொடுத்தால் 29,500 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். அதாவது விலையில் இறங்குவது பத்து சதவீதம் அல்ல, எட்டுக்கும் சற்றுக் குறைவு. 32 இன்ச்சும் அதற்குக் கீழும் 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதத்தில்தான் இருக்கின்றன. பெரிய திரைக்கும் சின்னத் திரைக்கும் நடுவே இருந்த வரிச்சுவர் இப்போது இல்லை. பல வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பியதற்கு அது ஒரு காரணம்.

மலைக்கிராமங்களில் பல வீடுகளுக்கு முதல் வண்ணத் தொலைக்காட்சி 14 இன்ச். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த பெட்டி அது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாநிலமெங்கும் ரேஷன் அட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தச் சதுரமான கண்ணாடி முகத்தின் பரப்பைக் கணக்குப் போட்டால், 55 இன்ச் திரை ஒன்றுக்குள் அது போல் ஏறக்குறைய 14 பெட்டிகள் அடங்கும். அந்தச் சின்னப் பெட்டியை எட்டடி தூரத்தில் உட்கார்ந்து பத்துப் பேர் பார்த்தார்கள், குறை சொல்லாமல் பார்த்தார்கள். திரை சிறியது என்பதற்காக யாரும் எழுந்து போகவில்லை. அந்தக் காலத்துக்கும் இப்போதைக்கும் நடுவே மாறியது திரை மட்டுமல்ல, உட்காரும் இடமும் கம்பி வழியாக வரும் படமும்கூட.

முதலில் உட்காரும் இடம்.

கையை முழுதாக முன்னே நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முஷ்டியின் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 10 டிகிரி. வானத்து நட்சத்திரங்களின் இடைவெளியை அளப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அளவு இது. டிவிக்கும் இது போதும். வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து திரையின் ஒரு விளிம்பில் தொடங்கி முஷ்டிகளை அடுக்கிப் பார்க்க வேண்டும். மூன்று முஷ்டி வந்தால் 30 டிகிரி. திரைப்படம், தொலைக்காட்சிப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான எஸ்.எம்.பி.டி.இ. திரையரங்குக்குச் சொன்ன அளவோடு வீட்டுத் திரைக்காரர்கள் ஒப்பிடுவது இந்த 30 டிகிரியைத்தான். நான்கு முஷ்டி வந்தால் 40 டிகிரி. ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் பிறந்த டி.எச்.எக்ஸ். இன்னும் அருகே இழுத்துச் சொல்லும் அளவு அது. கை வேண்டாம், கணக்கு வேண்டும் என்பவர்கள் திரையின் இன்ச்சை 1.6ஆல் பெருக்கினால் மூன்று முஷ்டிக்கான தூரம் இன்ச்சிலேயே கிடைக்கும். 43 இன்ச்சுக்கு ஐந்தே முக்கால் அடி, 55க்கு ஏழேகால் அடி, 65க்கு எட்டரை அடிக்குச் சற்று மேல்.

மஞ்சூர் வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். நாற்காலிக்கும் சுவருக்கும் எட்டடி. சுவரில் ஓடிய 32 இன்ச் திரை ஒன்றரை முஷ்டியைச் சற்றே தாண்டியது. செய்தித்தாள் மூன்று முஷ்டியை நெருங்கியது. 28 டிகிரி. “அப்ப சரியாத்தானே இருக்கு?” என்றாள் மகள். தூரத்தை மட்டும் பார்த்தால் அவள் சொன்னது சரி. அந்தக் கூடத்துக்கு 55 இன்ச் அளவில் மிஞ்சிப் போகவில்லை.

செய்தியும் தொடரும் பார்க்க மூன்று முஷ்டி தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது திரையரங்கு உணர்வு வேண்டுபவர்களுக்கான அளவு. இரண்டு முஷ்டி போதும் என்று நிம்மதியாகப் பார்க்கும் குடும்பங்கள்தான் அதிகம். எட்டடியில் 43 இன்ச் 22 டிகிரி கொடுக்கும்.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது பாட்டிகள் சொல்லும் எச்சரிக்கை ஒன்று வந்து நிற்கும்: கிட்டத்தில் உட்காராதே, கண் போய்விடும். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1967ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், தான் விற்ற பெரிய வண்ணத் தொலைக்காட்சிகள் பலவற்றிலிருந்து அளவுக்கு மீறிய எக்ஸ் கதிர் கசிவதை ஒப்புக்கொண்டு அவற்றைச் சரிசெய்ய இறங்கியது. ஆறடி தள்ளி உட்காருங்கள் என்று அங்குள்ள சுகாதார அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். அது உயர் மின்னழுத்தத்தில் இயங்கிய குழாய்ப் பெட்டிகளின் காலம். இன்றைய எல்.இ.டி. திரையில் அந்தக் குழாயும் இல்லை, அந்தக் கதிரும் இல்லை. கிட்டத்தில் பார்த்தால் கண் களைக்கும், வறளும், தலை வலிக்கலாம். பார்வை அதனால் போய்விடாது. அதே சமயம், ஒரு குழந்தை திரும்பத் திரும்பத் திரைக்கு அருகிலேயே போய் நின்றால் கிட்டப்பார்வை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அங்கே கிட்டப் போவது காரணம் அல்ல, அறிகுறி.

தூரத்தை விட நம் வீடுகளில் அதிகம் தவறிப்போவது உயரம். டிவியைக் கதவு நிலைக்கு மேலே, பரணுக்குச் சமமாக மாட்டும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. குழந்தை கை வைக்காது, பீரோவுக்கு இடம் கிடைக்கும் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் தரையில் பாய் விரித்து உட்காருபவரின் கண் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி இருந்தால் கழுத்து நிமிர வேண்டியதில்லை. 32 இன்ச் திரையை மேலே மாட்டியபோது பொறுத்துக்கொண்ட கழுத்து, 55 இன்ச்சின் மேல் விளிம்பைப் பார்க்க இன்னும் நிமிர்ந்தாக வேண்டும். பெரிய திரை வாங்குபவர் ஆணி அடிக்கும் இடத்தையும் ஒரு முழம் கீழே இறக்கத் தயாராக இருக்க வேண்டும். சுவர் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய பழைய சுவராக இருந்தால் ஆணியை மறந்துவிட்டு மேசை மேல் வைப்பதே மேல். மேசையிலிருந்து சாயாமல் இருக்க, பின்பக்கம் ஒரு பட்டை போட்டுச் சுவரோடு இழுத்துக் கட்டிவிட வேண்டும்.

இனி, பெரிய திரைக் கனவு தடுக்கி விழும் இடத்துக்கு வரலாம். கம்பி வழியாக வரும் படம்.

கேபிளிலும் இலவச டிஷ்ஷிலும் வரும் பெரும்பாலான சானல்கள் இன்னும் எஸ்.டி. தரம்தான். ஒரு எஸ்.டி. படத்தில் அகலவாக்கில் 720 புள்ளி, உயரவாக்கில் 576 புள்ளி. மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம். ஃபுல் எச்.டி. என்றால் 20 லட்சத்துக்கு மேல். 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு 4கே டிவியில் எஸ்.டி. சானலை ஓடவிட்டால், ஒரு புள்ளிக்கான விவரத்தை வைத்துக்கொண்டு டிவி 20 புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். ஒரு படி அரிசியில் இருபது பந்திக்குச் சோறு போடச் சொன்னால் சமையற்காரர் தண்ணீரைத்தான் ஊற்றுவார். டிவிக்குள் இருக்கும் சில்லும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நடுவில் என்ன நிறம் இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. நல்ல டிவி நன்றாக ஊகிக்கும். மலிவான டிவியில் முகங்கள் மெழுகு பூசியது போலவும், ஓடும் பந்து வாலோடும் தெரியும்.

இதைக் கண்ணின் பக்கமிருந்தும் பார்க்கலாம். கோளாறில்லாத கண், ஒரு டிகிரியை 60ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு இடைவெளி வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். அதை வைத்துக் கணக்கிட்டால், 32 இன்ச் திரையில் எஸ்.டி. படத்தின் சொரசொரப்பு 11 அடி வரை தெரியும். 43 இன்ச்சில் 15 அடி வரை. 55 இன்ச்சில் 19 அடி வரை தெரியும். மஞ்சூரில் 19 அடி நீளக் கூடம் உள்ள வீடு எத்தனை இருக்கும்? ஆக, இதே கேபிளை வைத்துக்கொண்டு திரையை மட்டும் பெரிதாக்கினால் படம் பெரிதாகும், கூடவே அதன் குறையும் பெரிதாகும். புது டிவி வாங்கி ஒரு வாரத்தில் “பழைய டிவியே நல்லா இருந்துச்சே” என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் சொல்வது பிரமை அல்ல. அவர்கள் கண் சரியாகத்தான் வேலை செய்கிறது.

எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 55 இன்ச் திரையில் ஃபுல் எச்.டி. படத்தின் புள்ளி ஏழடி வரைதான் கண்ணுக்குப் பிடிபடும். 4கே புள்ளி மூன்றரை அடிக்குள். எட்டடியில் நாற்காலி போட்டிருக்கும் வீட்டில் ஃபுல் எச்.டி.க்கும் 4கேவுக்கும் நடுவே உள்ள கூர்மை வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இன்று 55 இன்ச்சில் வருபவை பெரும்பாலும் 4கேதான் என்பதால் தனியாகத் தேடவும் வேண்டாம். பணம் செலவழிக்க வேண்டிய இடம், கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளிறுகிறதா என்பதில் இருக்கிறது. மலை வீடுகளில் குளிருக்காகச் சன்னல்கள் சிறியவை, கூடம் பகலிலேயே மங்கல். அங்கே கறுப்பை நன்றாகக் காட்டும் விஏ வகைத் திரை அழகாக இருக்கும். ஆனால் நேர் எதிரே உட்காருபவருக்கு மட்டும். சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து குடும்பமே பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ் வகை பொருந்தும். கடைக்காரரிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்கலாம். அவருக்குத் தெரியவில்லை என்றாலும் கவலையில்லை, திரைக்கு ஒரு பக்கமாக நாலடி நகர்ந்து நின்று பார்த்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

கடையில் செய்ய வேண்டிய இன்னொன்று இதை விட முக்கியம். கடை டிவிகளில் ஓடுவது மயில் தோகை விரிப்பதும், தேன்துளி சொட்டுவதுமாகப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த 4கே படங்கள். நிறத்தை வழிய வழிய ஏற்றி வைத்திருப்பார்கள். அதை நிறுத்தச் சொல்லி, வீட்டில் தினமும் பார்க்கும் கேபிள் சானலைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். கடையிலும் கேபிள் இணைப்பு இருக்கும். தயங்காமல் கேட்கலாம். பல ஆயிரம் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

மலைப்பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, மழை. டி.டி.எச். சேவைகள் வரும் கேயூ அலைவரிசை 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். கனமழைத் துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். அதனால்தான் மழை வலுத்ததும் ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வருகிறது. மலை மறைப்பதால் சிக்னல் வருவதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நீலகிரி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் டிஷ் பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறது. அந்த உயரத்தில் மலை குறுக்கே வருவது அபூர்வம், மரக்கிளை வரலாம். கேபிள்காரர் வைத்திருக்கும் பெரிய டிஷ் பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சி அலைவரிசையில் வாங்குகிறது. மழை அதை அவ்வளவு பாதிக்காது. ஆனால் அவருடைய கம்பி மரங்களுக்கு நடுவே வருகிறது, காற்றில் மரம் சாய்ந்தால் அறுந்துவிடும். மஞ்சூர் இருக்கும் இதே குந்தா மலைத்தொடரில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான ஒரு நாள் மழை 82 சென்டிமீட்டர். சென்னையில் பல மாதங்களில் பெய்வது இங்கே ஒரே நாளில் கொட்டியது. மழைக்காலத்தில் திரையின் அளவை விட டிஷ்ஷின் அளவும் அதன் திருகுகள் இறுக்கமாக இருப்பதும்தான் படத்தைக் காப்பாற்றும்.

ஓ.டி.டி. பார்க்கும் வீட்டுக்குப் பெரிய திரையின் நியாயம் கூடுகிறது. நல்ல எச்.டி. படம் அங்கேதான் கிடைக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்.டி.க்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேவுக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது. 4கேயில் ஒரு மணி நேரம் பார்த்தால் 7 ஜிபி வரை காலியாகும். வீட்டில் கம்பி வழி இணையம் இருந்தால் கவலையில்லை. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபியை வைத்து ஓட்டும் வீட்டில் எச்.டி. படம் ஒன்று முடிவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அந்த நிலையில் இருப்பவர்கள் டிவிக்கு முன் இணைப்பைப் பற்றி யோசிப்பது நல்லது.

சினிமாப் பிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். டிவித் திரையின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதம். 1952ல் வந்த ‘பராசக்தி’யை அதில் போட்டால் இடமும் வலமும் கறுப்பாக இருக்கும்; திரையின் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டித்தான் படம் நிற்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) மேலும் கீழும் கறுப்பு விட்டு, உயரத்தில் முக்கால் பங்குதான் எடுத்துக்கொள்ளும். இன்று வரும் படங்களில் பலவும் இந்த அகல வகைதான். “இவ்வளவு பெரிய டிவி வாங்கியும் படம் முழுசா வரலியே” என்று ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்பிவிடுகிறார்கள் பலர். ‘பராசக்தி’ சிவாஜியின் முகம் அகன்று போகும், நிலா முட்டையாகிவிடும். தயவுசெய்து இழுக்க வேண்டாம். படம் எடுத்தவர்கள் சட்டத்துக்குள் எதை எங்கே வைத்தார்களோ அதை அப்படியே பார்க்கலாம்.

மலைக்கென்று சில பாடுகள் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெரிய திரை என்றால் பிளாஸ்மா. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் பிளாஸ்மா திரைகள் வண்டு போல ரீங்கரிக்கும் என்பது அந்தத் தொழில்நுட்பத்தின் அறியப்பட்ட குறை. அவை சந்தையிலிருந்து போய்விட்டன. எல்.இ.டி.க்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் உறைபனிக் காலத்து விடியலில் திரையில் உள்ள திரவப் படிகங்கள் சற்று மந்தமாக அசையும், ஓடும் உருவங்கள் இழுபடும். சில நிமிடங்களில் சூடேறிச் சரியாகும். ஈரத்தில்தான் கவனம் தேவை. வெளியே குளிரில் கிடந்த பெட்டியை வெதுவெதுப்பான கூடத்துக்குள் கொண்டு வந்ததும் போட்டுவிடக் கூடாது. கண்ணாடி டம்ளரில் பனிநீர் கோப்பது போல உள்ளே மின்தகட்டிலும் நீர் கோக்கும். சில மணி நேரம் அப்படியே வைத்திருந்து பிறகு இணைக்க வேண்டும். மழைக்காலம் முழுக்க மூடி வைப்பதை விட, தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது அதன் ஈரத்தை உலர்த்தும். இடி இடிக்கும் மாலைகளில் மின்பிளக்கை மட்டுமல்ல, கேபிள் வயரையும் பிடுங்கிவிட வேண்டும்.

கோவையில் வாங்கிக் காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் ஏற்றுபவர்களுக்கு 43 கொண்டை ஊசி வளைவுகள். கெத்தைப் பகுதியில் யானை குறுக்கே நின்றால் வண்டி காத்திருக்க வேண்டியதுதான். பெட்டியை நிமிர்த்தி நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். படுக்கப் போட்டால் மெல்லிய கண்ணாடி தன் எடையிலேயே வளையும், வளைவில் குலுங்கும்போது விரியும். திரை உடைந்தால் உத்தரவாதத்தில் வராது. மாற்றுத் திரையின் விலை புது டிவியை நெருங்கும். திரை பெரிதாகப் பெரிதாக இந்தப் பயமும் பெரிதாகும். அதனால் கொண்டு வந்து இறக்கி, மாட்டி, ஓடவிட்டுக் காட்டும் கடையில் வாங்குவது மலைக்காரர்களுக்கு உத்தமம். சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

மின்சாரம் பற்றிய பயம் மட்டும் தேவையில்லை. 50 வாட் எடுக்கும் 32 இன்ச் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். 120 வாட் எடுக்கும் 55 இன்ச்சுக்கு 36 யூனிட். தினமும் அரை மணி நேரம் போடும் இரண்டு கிலோவாட் கீசர் அதே இரண்டு மாதத்தில் 60 யூனிட் சாப்பிடுகிறது. குந்தா நீர்மின் திட்டத்தின் முதல் ஐந்து மின்நிலையங்களின் 555 மெகாவாட்டை உருவாக்கி அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில். கனடாவின் உதவியோடு எழுந்த அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த அப்பா, மகள் சொல்வதற்குள் இதை வாய்க்கணக்காகவே போட்டுவிட்டார்.

பழைய குழாய்ப் பெட்டி வீட்டில் இன்னும் கிடந்தால், அதைப் பள்ளத்தில் தள்ளிவிடக் கூடாது. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, உடைந்தால் மழைநீரோடு ஓடைக்குப் போகும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் அவற்றை முறைப்படி மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைக்கின்றன. புதிது வாங்கும்போதே பழையதை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கடையில் கேட்டுவிடலாம்.

மஞ்சூர் வீட்டில் இவ்வளவும் பேசி முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. பெரிய டிவி வேண்டும் என்ற பேச்சை முதலில் எடுத்தது யார்? மகள் அல்ல, அம்மாதான். “எழுத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, ஸ்கோர் என்னன்னு அப்பாவைத்தான் கேக்க வேண்டியிருக்கு” என்று போனில் சொல்லியிருந்தார். மகள் அதைக் கேட்டுத்தான் 55க்குப் போனாள். அன்று மாலை அம்மா பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மூன்றடியில் உட்காருவதை மகள் கவனித்தாள். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வட்டமாகக் கூசுகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றார் அம்மா, ரொம்ப நாளாகவே.

அறுபது வயதைத் தாண்டியவர் டிவி மங்கலாக இருக்கிறது என்றால் டிவியைச் சந்தேகிக்கும் முன் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். கண்புரை மெல்ல மெல்ல வருவதால் வந்தது வந்தவருக்கே தெரியாது. நிறங்கள் மஞ்சளோடும், எழுத்துகள் புகை படிந்தும், விளக்குகள் வளையத்தோடும் தெரியும். பெரிய திரை அந்தப் புகையையும் பெரிதாக்கித்தான் காட்டும். அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். மதுரையில் 1976ல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் கோவைக் கிளையும் ஏழைகளுக்கு இலவசமாகவும் மிகக் குறைந்த செலவிலும் இதைச் செய்துவருகின்றன. சிகிச்சை முடிந்து கண் நிலைப்பட்டுக் கண்ணாடி எழுதிக் கொடுக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை டிவி முடிவைத் தள்ளிப்போடலாம்.

கார்த்திகையில் அம்மாவுக்குக் கோவையில் கண் அறுவைச் சிகிச்சை முடிந்தது. தை பிறந்து, புல்வெளியெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த ஒரு காலையில் புதுக் கண்ணாடியோடு அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பாய் பழைய இடத்துக்கே, ஏழடிக்குத் திரும்பியிருந்தது. அதே 32 இன்ச் டிவி. கிரிக்கெட் மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “இந்த எழுத்தெல்லாம் எப்பவும் இவ்வளவு பளிச்சுன்னுதான் இருந்துச்சா?” என்று கேட்டார்.

சுவரில் செய்தித்தாள் இன்னும் இருந்தது. அந்த வாரம் வந்த மகள் அதன் நாலு பக்கமும் அளந்து கத்தரித்து 95க்கு 53 சென்டிமீட்டராக, 43 இன்ச் அளவுக்குக் கொண்டு வந்தாள். கேபிள்காரரிடம் எச்.டி. பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. அப்பா பென்சிலை எடுத்து, பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கண் உயரத்தைப் பார்த்து, பழைய ஆணிக்கு ஒரு முழம் கீழே சுவரில் குறி போட்டார். முருகர் காலண்டர் பழைய ஆணிக்குப் போயிற்று.